காரவெல் கட்டிய ஸ்ரீனிவாசன்

பெட்டியின் மூடியை அரை அங்குலம் மட்டும் தூக்கி, அந்த இடுக்கில் மூக்கை நுழைத்து, கண்களை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுக்கிறார் ஸ்ரீனிவாசன். பிளாஸ்டிக் வாசனை. கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்பவரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் இரண்டு இளைஞர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை அவர்களில் ஒருவன், ஜிபின், அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டான். அடுத்த ஞாயிறு வரை அவனுடைய குட்மார்னிங்குக்குப் பதில் வரவில்லை.

"இந்த மணம் இருக்கே, இதுல நான் நாப்பத்தஞ்சு வருஷம் பின்னால போயிடுவேனாக்கும், கேட்டேளா" என்பார் மூடியை இறக்கியபடி.

பெட்டி போன மாதம் கூரியரில் வந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குக்கு இரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. ஆனால் பின்னால் போகிறவருக்கு வண்டி எதுவானால் என்ன.

கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் அக்ரஹாரத் தெரு ஒன்றில் அவர் வீடு. வயது ஐம்பத்தைந்து. நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வீட்டின் பின்னறையில் அவர் மனைவி பத்மப்ரியாவின் பட்டுப்புடவைகள் இருந்த அலமாரியில் இப்போது, துண்டுகளை ஒட்டிக் கட்டும் பொம்மை விமானப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. போர் விமானம், பயணிகள் விமானம், தண்ணீரில் இறங்கும் விமானம். மொத்தம் இருபத்தேழு. ஒன்றும் கட்டப்படவில்லை. பெரும்பாலானவற்றின் கண்ணாடித்தாள் உறைகூடக் கிழியவில்லை. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி, மறுபடி வேறு வரிசையில் அடுக்குவார். அன்றைக்குச் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வேலையாக்கும் இன்னிக்கு" என்பார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு 'கரமனை ஏரோ கிளப்' கூடும். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். உறுப்பினர்கள் மூவர். ஒருவர் ஸ்ரீனிவாசன். இன்னொருவன் பக்கத்துத் தெருவில் இருக்கும் வங்கி ஊழியன் கைலாஷ். மூன்றாமவன் ஜிபின், டெக்னோபார்க்கில் வேலை; சென்னையில் நான்கு வருடம் இருந்தபோது கற்ற தமிழில் மலையாளத்தைப் பிசைந்து பேசுவான். இருவரும் தாங்கள் வாங்கிவந்த பெட்டிகளின் பாகங்களை நகவெட்டியால் வெட்டி எடுப்பார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள், பசை தடவுவார்கள். ஸ்ரீனிவாசன் சாய்வு நாற்காலியில் இருந்தபடி விரலை நீட்டி உத்தரவு போடுவார். அவர் எதையும் தொடுவதில்லை.

"நான் கை வச்சா நிமிஷத்துல முடிஞ்சுடும். அப்பறம் நீங்க என்னத்தக் கத்துக்கறது?"

இதை அவர்கள் நம்பினார்கள். நம்பக் காரணம் இருந்தது. அவருடைய காரவெல் கதையை அவர்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். தெருவே கேட்டிருக்கிறது. தெருவில் அவருக்குப் பேரே 'காரவெல் ஸ்ரீனிவாசன்' என்றுதான். பெண் பார்க்கப் போன அன்றே அந்தக் கதை அரங்கேறியதாகப் பத்மப்ரியா சொல்வாள். "அரை மணி நேரம் அந்த விமானந்தான். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்னு கேக்கறதுக்கே எங்கப்பா மறந்துட்டார்."

கதை இதுதான். 1981, ஓணம் விடுமுறை. பதினொரு வயது ஸ்ரீனிவாசனுக்குப் பிரான்சிலிருந்து வந்த குடும்ப நண்பர் ஒருவர் ஒரு பெட்டி தருகிறார். உள்ளே காரவெல் என்ற ஜெட் விமானம், நூற்றுச் சொச்சம் துண்டுகளாக. பையன் அப்பாவின் சவர பிளேடால் துண்டுகளை வெட்டுகிறான். பல்குத்தும் குச்சியால் பசை தொட்டு வைக்கிறான். காரவெலுக்கு ஜன்னல்கள் முக்கோணமாக இருக்கும். அவற்றை உள்பக்கமிருந்து ஒட்டிய பிறகுதான் உடலின் இரண்டு பாதிகளையும் சேர்க்க வேண்டும். பெயர் எழுதிய ஒட்டுப்படங்களை டபராத் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, இறக்கையில் இறக்க வேண்டும். இந்த இடத்தில் ஸ்ரீனிவாசனின் குரல் தழையும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்து, இல்லாத ஒரு படத்தை இல்லாத ஓர் இறக்கையில் நழுவவிடும். கடைசி வரி எப்போதும் ஒன்றே: "பத்து நாள். ஒத்தையா."

பொய். அவர் அதைக் கட்டவில்லை. ஒரு துண்டைக்கூடத் தொட்டதில்லை.

காரவெல் நாலு வீடு தள்ளியிருந்த சாயினுடையது. சாயின் அப்பா தும்பாவில் ராக்கெட் எஞ்சினியர். பயிற்சிக்குப் பிரான்சு போனவர் மகனுக்கு வாங்கி வந்தார். ஸ்ரீனிவாசனின் அப்பா கல்யாணச் சமையல்காரர். பத்து நாளும் பையன் சாய் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றான். சாயின் அம்மா லலிதாம்பாள் நல்ல மாதிரிதான்; முறுக்குகூடக் கம்பி வழியாகக் கொடுப்பாள். "சீனு, அங்கேருந்தே பாருடா. கை பட்டா ஒடிஞ்சுடும்" என்று மட்டும் சொல்லிவிடுவாள்.

அந்தப் பையனுக்காக இரக்கப்படலாம். ஆனால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விரல் நீட்டுவது அவன் இல்லை. 'நான் பார்த்தேன்' என்று சொல்வதற்கு நாற்பத்து நாலு வருடம் கிடைத்தும் ஒருநாள்கூடச் சொல்லாமல் இருந்த மனிதர் இவர். பெண் வீட்டுக் கூடத்தில், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பேச ஒன்றும் இல்லாத திகைப்பில் முதல்முறை அது வாயில் வந்தது. எதிரே இருந்த கண்கள் விரிந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு திரும்பிப் போக மனசு வரவில்லை. சாயின் குடும்பமும் அதற்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டிருந்தது. சாட்சி இல்லாத பால்யம் புறம்போக்கு நிலம் மாதிரி. வேலி போட்டவனுக்குத்தான் சொந்தம்.

இந்த வருடம் அவர் வேலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஆண்டு விழாவில் ஒரு மேசை கேட்டு வாங்கினார். அதில் காரவெல் நிற்கும். அதற்காகத்தான் வெளிநாட்டிலிருந்து அதே விமானத்தின் பெட்டி வந்தது. மேசையில் வைக்க ஜிபின் ஓர் அட்டைகூட அச்சடித்துவிட்டான்: 'காரவெல். முதலில் கட்டியது 1981, பதினோராம் வயதில். மீண்டும் இப்போது. ஸ்ரீனிவாசன், கரமனை.' அட்டையை அவர் மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனார்.

ஐந்து ஞாயிறு வேலை நடந்தது. பெட்டியோடு வந்த குறிப்புத்தாளை ஸ்ரீனிவாசன் முதல் நாளே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "தாளப் பாத்துக் கட்டறது எல்லாவனும் கட்டுவான். எனக்கு மனப்பாடமாக்கும்." பூட்டுவதற்கு முன் ஜிபின் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்திருந்தான்.

"சாரே, தாள்ல மூக்குக்கு உள்ள ஒரு கறுப்பு வட்டம் வரைஞ்சிருந்தல்லோ. அது எந்தா?"

ஸ்ரீனிவாசனுக்குத் தெரியாது. அவர் ஜன்னலில் நின்று பார்த்ததில் கறுப்பு வட்டம் எதுவும் இல்லை. "அது விளக்காக்கும்" என்றார். "நாங்க அப்போ வச்சதில்ல. அந்தத் துட்டுத் தேறாத வேலையெல்லாம் வேண்டாம்."

ஜன்னல்களை உள்பக்கமிருந்து ஒட்டவைத்தார். அதில் பிசகு இல்லை. பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டச் சொன்னார். கைலாஷ் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினான். இரண்டு எஞ்சின்களும் வால் பக்கம் போய் உட்கார்ந்தன. வெள்ளையும் நீலமுமாகச் சாயம் ஏறியது. அடுத்த ஞாயிறு சக்கரங்களை ஒட்டி நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானது.

வியாழக்கிழமை போன் வந்தது. "சீனுதானே? நான் சாயாக்கும். அப்பா ஆத்த வித்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை புரோக்கரோட வரேன். ஒரு காபி கெடைக்குமோ?"

வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டதும் ஸ்ரீனிவாசன் நேரே பழவங்காடிக்குப் போனார். தடை நீங்க அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். இவர் ஒரு தடை உண்டாக வேண்டி உடைத்தார். சாயின் ரயில் தாமதமாகட்டும், புரோக்கருக்குக் காய்ச்சல் வரட்டும், ஏதாவது ஒன்று. பிள்ளையாருக்கு இந்த மாதிரிக் கோரிக்கை புதிதாக இருந்திருக்கும். சனிக்கிழமை குழுவில் செய்தி போட்டார்: நாளைக்குக் கூட்டம் இல்லை, உடம்பு சரியில்லை. ஐந்து நிமிடத்தில் ஜிபின் கூப்பிட்டான். "சாரே, சாயம் காஞ்சாச்சு. லாஸ்ட் ஸ்டெப்பல்லே. சார் ரெஸ்ட் எடுத்தோளு, ஞங்கள் செஞ்சுக்கறோம். வீடியோவும் எடுக்கணும், அசோசியேஷனுக்கு."

"ஞாயித்துக்கிழமை யாரு கேட்டாலும் நான் இல்லன்னு சொல்லிடு" என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"எங்க போனதாச் சொல்லணும்?"

"எங்கயாவது."

"கெளப்புக்குத் தலைவர் எங்கயாவதுன்னா நன்னாயிருக்குமா" என்று சொல்லிவிட்டுப் பத்மப்ரியா கறிகாய் நறுக்கப் போய்விட்டாள்.

சாய் வந்தார். அரைக்கால் சட்டை, தொப்பை, காதில் ஒரு கருவி. தெருவையோ ஆற்றையோ அவர் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. பூட்டுச் சாவியைப் புரோக்கரிடம் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லிவிட்டு, ஸ்ரீனிவாசன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து போனை நோண்டினார். தரையில் செய்தித்தாள் விரித்து ஜிபினும் கைலாஷும் கடைசிச் சக்கரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் ஸ்ரீனிவாசன். கழுத்தில் வேர்வை.

அவர் பயந்த கேள்வி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், ஜிபினிடமிருந்து வந்தது. "சார் இதே ஸ்ட்ரீட் அல்லே. அப்போ சாரும் கண்டிருக்குமல்லோ, ஸ்ரீனிவாசன் சார் சின்ன வயசுல கட்டின காரவெல்?"

ஸ்ரீனிவாசன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.

சாய் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காரவெலா? ஏதோ பிளேன் இருந்துது... சீனு ஆத்துலயா? இருந்திருக்கும். எனக்கு அதெல்லாம் ஓர்மை இல்லப்பா. ஸ்கூல்ல கூடப் படிச்சவன் பேரே மறந்துபோச்சு."

மறந்துவிட்டார். நாற்பத்து நாலு வருடமாக இன்னொருவர் காத்து வளர்த்த சொத்தை, அதன் சொந்தக்காரர் ஒரு கொட்டாவியோடு எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்ரீனிவாசனுடைய தோள்கள் இறங்கின. காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிம்மதி வந்த சில பேருக்குச் சும்மா இருக்க முடியாது.

"இவனுக்கு எங்க ஓர்மை இருக்கும்" என்றார் சிரித்துக்கொண்டே. "இவன் எங்காத்து ஜன்னல்ல நின்னுண்டு பாப்பான், கேட்டேளா. பத்து நாளும் கம்பியப் பிடிச்சுண்டு அப்பிடியே நிப்பான். உள்ள வாடான்னாலும் வரமாட்டான். எங்கம்மா முறுக்கெல்லாம் கம்பி வழியாக் குடுப்பா."

"அப்பிடியா" என்று சாயும் சிரித்தார். கைலாஷ் சிரித்தான். ஜிபின், "பாவம்" என்றான் சாயைப் பார்த்து. ஸ்ரீனிவாசன் அந்தப் பாவத்தையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அது தனக்கு வரவேண்டியது என்பது ஞாபகமே இல்லாதவர் போல.

சக்கரம் காய்ந்தது. ஜிபின் போனை நீட்டி வீடியோவைத் தொடங்கினான். கைலாஷ் விமானத்தை இரு கையாலும் ஏந்திவந்து டீப்பாயின் மேல் மூன்று சக்கரங்களும் படிய வைத்து, கைகளை விலக்கினான்.

மூக்கு மெல்ல மேலே எழுந்தது. வால் இறங்கி 'டக்' என்று பலகையில் உட்கார்ந்தது.

கைலாஷ் மறுபடி வைத்தான். மறுபடி உட்கார்ந்தது, பின்னங்காலை மடக்கிச் சோற்றுக்குக் காத்திருக்கும் நாயைப் போல.

"டீப்பாய் சரிவாக்கும்" என்றார் ஸ்ரீனிவாசன். தரையில் வைத்தார்கள். தரையிலும் உட்கார்ந்தது. "சக்கரத்தக் கோணலா ஒட்டியிருக்கே, கைலாஷ். நான் அப்பவே பாத்தேன்."

"நேராத்தான் இருக்கு, மாமா."

"நேரா இருந்தா ஏன் உக்கார்றது?"

"மூக்குல ஈயம் போடலியா?" என்றார் சாய்.

சொன்னவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை போலிருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு விமானத்தை எடுத்தார். இரண்டு விரலில் நிறுத்தி, கனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். தடித்த விரல்கள், ஆனால் அவற்றுக்கு வேலை தெரிந்திருந்தது.

"எஞ்சின் ரெண்டும் வால்லன்னா இருக்கு. முன்னால கனம் வைக்காட்டா இது நிக்காது. பாதி ரெண்டையும் ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள வச்சுடணும். இப்போ வைக்கணும்னா இத அறுக்கணும்."

ஜிபின் பீரோவைப் பார்த்தான். "கறுப்பு வட்டம்" என்றான் மெதுவாக.

சாய்க்கு அது கேட்கவில்லை. எதையோ துரத்திக்கொண்டு போகிறவரின் முகம் அவருக்கு. "இரு இரு. அப்பா சாலைக் கடைத்தெருவுக்குப் போய் தூண்டில்ல கட்டற ஈயக்குண்டு வாங்கிண்டு வந்தார். மீன் பிடிக்கற சாமானாம், அக்ரஹாரத்துக்குள்ள கொண்டுவரலாமான்னு அம்மா ஒரே கூத்து. கெணத்தடியில வச்சு, புளி போட்டுத் தேச்சு, மூணு தடவை அலம்பி, அதுக்கப்பறந்தான் அத ஆத்துக்குள்ளயே விட்டா. தெருவுல ஒருத்தரும் பாக்கப்படாதுன்னு அன்னிக்கு ஜன்னலையும் சாத்திட்டா." தொப்பை குலுங்கச் சிரித்தார். "அந்த ஜன்னல்ல எப்பப் பாத்தாலும் ஒரு பையன் வந்து..."

சிரிப்பு நின்றது. சாய் நிமிர்ந்து ஸ்ரீனிவாசனைப் பார்த்தார்.

சாத்திய ஜன்னல் ஸ்ரீனிவாசனுக்கும் நினைவு வந்தது. பச்சைச் சாயம் அடித்த பலகைக் கதவு. உள்ளே சிரிப்புச் சத்தம். விளக்கு வைக்கும் வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றது. தன்னுடைய கதையில் அந்த ஒரு நாளை அவர் சாயம் பூசும் நாளாக வைத்திருந்தார். அன்று உள்ளே வேறென்ன நடந்திருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

சாய் வாக்கியத்தை முடிக்கவில்லை. விமானத்தை டீப்பாயில் வைத்தார். அது உட்கார்ந்தது. "யாரோ ஒரு பையன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் தேடி எடுத்துக்கொண்டார். புரோக்கர் வாசலில் வந்து கூப்பிட்டது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. எழுந்து, செருப்பை மாட்டி, "வரேன் சீனு" என்று போய்விட்டார்.

கைலாஷ் தரையில் கிடந்த பிளாஸ்டிக் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். பத்மப்ரியா டம்ளர்களை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்றாள். ஜிபினுக்கு மட்டும் கணக்கு இன்னும் சரியாக வரவில்லை. நல்ல பையன், கேட்டே விட்டான்.

"அப்போ சாரே, எய்ட்டி ஒன்னுல சார் ஈயம் எங்கனெ வச்சு?"

ஸ்ரீனிவாசன் நாற்காலியிலிருந்து எழுந்தார். டீப்பாய் அருகே வந்து முழந்தாளிட்டு உட்கார்ந்தார். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, விமானத்தின் மூக்கின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். முன்சக்கரம் பலகையைத் தொட்டது. வால் நிமிர்ந்தது. காரவெல் நேராக நின்றது.

"வீடியோவ எடுத்துக்கோ, ஜிபின்" என்றார், போனைப் பார்த்துச் சிரித்தபடி.

"சாரே, விரல் ஃபிரேம்ல வருந்நு."

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். விரலை எடுக்கவில்லை.